அப்பா லோயராக இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் சட்டம் இரண்டாம் ஆண்டு. எங்கள் டிவிசனில் இருந்து சட்டம் படிக்கப் போன முதல் ஆள் நான்தான். அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. என்னோடு படிக்கிற பலருக்கு அப்பாவோ மாமாவோ சட்டத்தரணி. யாரிடம் ஜூனியராகப் போவது என்று இப்போதே பேசிக்கொள்கிறார்கள். எனக்குச் சொல்ல ஒரு பெயரும் இல்லை. ஆங்கில விரிவுரை பாதி விளங்குவதில்லை. போன தடவை ஒரு பாடம் ரிப்பீட். கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. லீவில் வீட்டுக்கு வந்தால் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) ஆட்கள் 'லோயரம்மா' என்று கூப்பிட்டு, சேமலாப நிதிக் கடிதம், பொலிஸ் முறைப்பாடு என்று கொண்டுவந்து கொட்டுகிறார்கள். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியாது. ஆசிரியர் நியமனம் வந்தால் இதை விட்டுவிட்டுப் போய்விடு என்கிறார் மாமா. எனக்கும் ஒரு சீனியர் கிடைப்பாரா? எப்படிக் கேட்பது?

பதில்:

அன்புத் தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் எத்தனையோ விஷயம் இருக்கிறது. நான் நின்றுபோன இடம், 'கேட்கவும் வெட்கமாக இருக்கிறது' என்ற இடம். அதை நானும் ஒரு காலத்தில் நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். தலவாக்கலைப் பக்கத்து லயம் ஒன்றிலிருந்து கொழும்பு புதுக்கடையில் இருக்கிற சட்டக் கல்லூரிக்குப் படிக்கப் போனேன். நூலகத்தில் புத்தகம் எடுக்கும் படிவத்தை எப்படி நிரப்புவது என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்க எனக்கு ஆறு மாதம் வாய் வரவில்லை. கேட்டால் 'தோட்டத்து ஆள்' என்று தெரிந்துவிடும் என்ற பயம். தெரிந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

முதலில் ஒன்று சொல்கிறேன். லோயர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உங்களைவிட மூளை அதிகம் என்று நினைக்காதீர்கள். அவர்களிடம் கூடுதலாக இருப்பது பேச்சு. இராச் சாப்பாட்டில் அப்பா 'இன்றைக்கும் தவணை போட்டுவிட்டார்கள், சாட்சி வரவில்லை' என்கிறார். பிள்ளை பருப்பைப் பிசைந்துகொண்டே, சாட்சி வராவிட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்கிறது. எந்த நீதவான் கோபக்காரர், பிணை கேட்க என்னென்ன கடதாசி வேண்டும், எந்த சீனியர் ஜூனியருக்கு பஸ் காசாவது கொடுப்பார், எல்லாம் அந்த வீட்டில் சோற்றோடு உள்ளே போகிறது. பாடப்புத்தகத்தில் இதெல்லாம் இல்லை. உங்கள் வீட்டிலும் இராத்திரிப் பேச்சு இருந்தது: இன்றைக்கு எத்தனை கிலோ, முழுநாள் சம்பளத்துக்கு முழுப்பேர் போட்டார்களா, அரைநாளுக்கு அரைப்பேரா, கங்காணி என்ன சொன்னார். அதுவும் சட்டத்தில் சேர்ந்ததுதான், பின்னால் வருகிறேன். சீனியர், வழிகாட்டி என்று நாம் சொல்கிறவர்களின் பெரிய உபகாரம், நம் வீட்டில் கிடைக்காத அந்த முதல்வகைப் பேச்சை நம் காதில் விழ வைப்பதுதான். ஆகவே சீனியரைத் தேடுங்கள் என்று சொல்வதைவிட, அந்தப் பேச்சு நடக்கிற இடத்தைத் தேடிப் போய் உட்காருங்கள் என்றுதான் சொல்வேன். ஆள் தானாக அமையும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்து சூடுபட்டவள். இரண்டாம் வருட லீவில், எங்கள் தோட்டத் தொழிற்சங்கத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பேர்பெற்ற ஒரு சட்டத்தரணியைப் பார்க்கப் போனேன். வாசலில் இரண்டு மணி நேரம் இருந்து, உள்ளே கூப்பிட்டதும் அம்மா, அப்பா, கடன், லயம், மழைக்கு ஒழுகும் தகரம் என்று கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். 'பாவம்' என்றார். மேசை லாச்சியைத் திறந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டினார். வெளியே வந்து பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. அவர் மோசமான மனிதர் இல்லை. நான் கேட்டது இரக்கம், கிடைத்ததும் இரக்கம்தான். படிப்புக்காக ஒரு சொல்கூட நான் அவரிடம் கேட்கவில்லை.

எனக்குக் கிடைத்த முதல் ஆசான் ஒரு லோயரே இல்லை, நீதிமன்ற முதலியார். தெரியும்தானே, சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறவரைப் பழைய ஆட்கள் முதலியார் என்பார்கள். அந்த ஐந்நூறு ரூபாய்க்குப் பிறகு யாரையும் பார்க்கப் போக மனமில்லாமல், லீவு முழுக்க நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வாங்கில் உட்கார்ந்திருந்தேன். யாரும் எழும்பிப் போ என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. நீதிமன்ற அமர்வு பொதுமக்கள் முன்னால்தான் நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரையே சொல்கிறது. இரண்டாம் வாரம் இடைவேளையில் அவராகவே வந்து, 'பிள்ளை யாருடைய வழக்குக்கு வந்திருக்கிறது?' என்று கேட்டார். யாருடைய வழக்குக்கும் இல்லை, படிக்க வந்தேன் என்றதும் மனிதருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு இடைவேளையும் எனக்கு வகுப்பு. 'பெமினிலிகரு' வழக்காளி, 'வித்திகரு' எதிராளி என்று தொடங்கி, நீதிமன்றச் சிங்களம் முழுவதையும் அவரிடம்தான் கற்றேன். பிற்பாடு எனக்கு சீனியராக வந்தவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். 'சேர், இந்தப் பிள்ளை ஒரு மாதமாகத் தினமும் வருகிறது' என்ற ஒரே ஒரு வசனம். தோட்டத் தலைவரின் கடிதம் செய்யாததை அது செய்தது.

நீங்கள் லீவில் வரும்போது ஹட்டனோ நுவரெலியாவோ, எது கிட்டவோ அங்கே போங்கள். நீதவான் நீதிமன்றத்தில் இருந்து தொடங்குங்கள், அங்கே ஒரு நாளில் பல வழக்குகள் வரும். நல்லதாக உடுத்துங்கள், கைப்பேசியை அணைத்துவிடுங்கள், ஒரு கொப்பி எடுத்துப் போங்கள். வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, சட்டத்தரணி என்ன கேட்டார், நீதவான் என்ன கட்டளை கொடுத்தார், உங்களுக்கு விளங்காத சொல் எது, இந்த நான்கையும் எழுதுங்கள். ஆட்களின் பெயரை எழுதத் தேவையில்லை. மாவட்ட நீதிமன்றமும், வேலைப் பிணக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபையும் பிறகு. பத்து நாள் இப்படி இருந்தால், நல்ல சட்டத்தரணி யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சத்தம் போடுகிறவர் எல்லாம் கெட்டிக்காரர் இல்லை என்பது ஐந்தாம் நாளே விளங்கும்.

கேட்கும் முறைக்கு வருகிறேன். 'சேர், எனக்கு வழிகாட்டுங்கள்' என்று ஒருவரும் ஒருவரிடம் கேட்கக்கூடாது. அது கேட்கிறவருக்கு லேசு, கொடுக்கிறவருக்குப் பாரம். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கும் தெரியாது. சின்னதாக, ஒரு சங்கதியாகக் கேளுங்கள். 'சேர், நேற்று அந்தக் களவு வழக்கில் பிணை கேட்கும்போது நீங்கள் ஏன் மருத்துவ அறிக்கையை முதலில் காட்டவில்லை?' இப்படி ஒரு கேள்வி கேட்டால், எந்த சீனியரும் நடந்து போய்க்கொண்டே மூன்று நிமிடமாவது பேசுவார். தங்கள் வழக்கைக் கவனித்துப் பார்த்த ஒருவர் அகப்பட்டால் லோயர்மாருக்கு வேறு என்ன வேண்டும்! நாங்கள் அவ்வளவு புகழ்விரும்பிகள். அடுத்த வாரம் இன்னொரு கேள்வி. மூன்றாம் தடவை, 'சேர், லீவு முடிய இரண்டு வாரம் இருக்கிறது, சேம்பரில் கோப்புகளை அடுக்கி வைக்க உதவி செய்யலாமா?' அவ்வளவுதான். முடியாது என்றால் நன்றி சொல்லி, அடுத்தவரைப் பாருங்கள். ஒருவர் மறுத்ததை உங்கள் பிறப்போடு முடிச்சுப் போடாதீர்கள். பாதிப்பேர் மறுப்பது, சேம்பரில் உட்கார இரண்டாவது கதிரை இல்லாததால்.

சீனியரைவிட அவருடைய கிளார்க்கைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். எந்தப் படிவம் எங்கே, எந்த முத்திரை எவ்வளவு, எந்தக் கவுண்டரில் எத்தனை மணிக்கு முன் கொடுக்க வேண்டும், எல்லாம் அவர் விரல் நுனியில். சட்டப் பட்டம் இல்லை என்று அவரை ஒரு மாதிரி பார்க்கிற ஜூனியர்மார் பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கொடுத்த மனு மூன்று தடவை திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இனி, நீங்கள் கொடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக் கூசுகிறீர்கள். இருக்கிறது. தொழில் நியாய சபையில் ஒருநாள் ஓர் அம்மா சாட்சி சொன்னார்: 'தொர எம்பேர வெட்டிட்டாரு சாமி.' மொழிபெயர்த்தவர் புதிதாக வந்தவர். 'துரை என் பெயரை வெட்டினார்' என்று சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொல்லிவிட்டார். எதிர்ப்பக்கம் உடனே பிடித்துக்கொண்டது: பெயரைத்தானே வெட்டினார், வேலையை விட்டு நிறுத்தினார் என்று சாட்சி சொல்லவில்லையே! செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பேர் வெட்டினால் வேலை போயிற்று என்று அர்த்தம் என்பது அந்த அறையில் எனக்கும் அந்த அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். எழும்பி விளக்கம் கொடுத்தேன். அதை நான் எந்த விரிவுரையிலும் படிக்கவில்லை, எங்கள் அடுப்படியில் படித்தேன். இராத்திரிப் பேச்சு என்று முன்னால் சொன்னேனே, அதுதான் இது. மலையகத்தில் தொழில் செய்கிற எந்த சீனியருக்கும், தோட்டத்துத் தமிழும் நல்ல சிங்களமும் ஓரளவு ஆங்கிலமும் தெரிந்த ஜூனியர் கிடைப்பது பெரிய விஷயம். வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவு சிங்களத்தில் நடக்கிறது. தமிழில் மனுக் கொடுக்கவும், மொழி விளங்காதவர் மொழிபெயர்ப்புப் பெறவும் 24ஆம் உறுப்புரையில் இடம் இருக்கிறது. ஆனால் ஏட்டில் இருக்கும் உரிமையைக் கூண்டில் நிற்கிற அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்.

ஆங்கிலம். இதில் உங்களைத் தடவிக்கொடுக்க மாட்டேன். சட்டக் கல்லூரித் தேர்வுகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தது உண்மை. அதனால் நிம்மதி என்று இருந்துவிடாதீர்கள். உயர் நீதிமன்றத்திலும் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் புழங்குவது ஆங்கிலம். பழைய தீர்ப்புகள் எல்லாம் ஆங்கிலம். படித்தே ஆக வேண்டும். ஆனால் எதைப் படிப்பது என்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கதை தெரிந்த வழக்கைப் படியுங்கள்.

1937இல் பிரேஸ்கேர்டில் வழக்கு. மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தேயிலை வேலை பழக வந்த வெள்ளைக்காரப் பொடியன், தொழிலாளர் பக்கம் பேசினான். நாட்டை விட்டுப் போ என்று ஆளுநர் ஸ்டப்ஸ் கட்டளை போட்டார். பிடித்து வைத்ததும் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். எச்.வி. பெரேரா வாதாடினார். அந்த அதிகாரம் ஆளுநருக்கு அப்படிச் சும்மா கிடையாது என்று உயர் நீதிமன்றம் அவனை விடுவித்தது. நியூ லோ ரிப்போர்ட்ஸ் (என்.எல்.ஆர்.) என்ற தீர்ப்புத் தொகுப்பில் 39ஆம் தொகுதி, 193ஆம் பக்கம். தோட்டம் என்றால் என்ன, சின்னத்துரை என்றால் யார் என்று உங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தெரியாதது ஆங்கிலம் மட்டும்தான், பாதிச் சுமை அங்கேயே இறங்கிவிடும். அதை முடித்துவிட்டு 54ஆம் தொகுதியில் 433ஆம் பக்கத்தைத் திறங்கள். கோடாகன் பிள்ளை எதிர் முதநாயக்க, 1953. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களுக்குப் பாரபட்சமானது என்று லண்டன் கோமறை மன்றம் (பிரிவி கவுன்சில்) வரைக்கும் போய்த் தோற்ற வழக்கு. உங்கள் பாட்டனார் ஏன் ஓட்டுப் போடவில்லை என்று வீட்டில் கேட்டிருப்பீர்கள். அதற்குச் சட்டம் சொன்ன காரணம் அந்தத் தீர்ப்பில் நல்ல, அமைதியான, கோபமே இல்லாத ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு முதல் தடவை வாசித்தபோது கை நடுங்கியது. அதற்குப் பிறகு நான் எந்த ஆங்கிலத் தீர்ப்புக்கும் பயப்படவில்லை.

ரிப்பீட் ஆன பாடத்துக்கு மருந்து குப்பி. கெம்பஸில் ஒரு பெட்ச் மேலே இருக்கிறவர்கள் பரீட்சைக்கு முன்னால் எடுக்கிற குப்பி வகுப்புக்கு நீங்கள் போவதில்லை என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. (மின்சாரம் இல்லாத காலத்தில் நம் லயங்களில் போத்தலுக்குள் திரி போட்டு எரித்த குப்பி விளக்கைப் பார்த்திருப்பீர்கள். படிப்புக்கு அந்தப் பெயர் வந்தது எனக்கு எப்போதும் பிடிக்கும்.) போங்கள். விளங்காததைக் கேளுங்கள். அதோடு நில்லாமல், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்துக்கு முதலாம் வருடத்தாருக்கு நீங்களே ஒரு குப்பி எடுங்கள். சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கு எது தெரியாது என்று தெரியும். ஒன்று மட்டும் பிரித்துப் பாருங்கள்: குப்பி எடுக்கிற அண்ணன் அக்காமார் வேறு, பகிடிவதைக்கு 'பழக்கம்' என்று பெயர் வைக்கிறவர்கள் வேறு. பின்னவர்களுக்கு 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் படிக்கிற பிள்ளைக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வேறு பல்கலைக்கழகங்களில், திறந்த பல்கலைக்கழகத்தில், சட்டக் கல்லூரியில் நம் பக்கத்துப் பிள்ளைகள் சிதறிக் கிடக்கிறார்கள். நீங்கள் முதல் ஆள் என்பது உங்கள் டிவிசனுக்குச் சரி, மலையகத்துக்கு இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குழு தொடங்குங்கள். கோயில் திருவிழா வாழ்த்துப் படம் அனுப்பாத குழுவாக இருக்கட்டும்.

இனி லயத்து ஆட்கள். உங்கள் கடிதத்தில் இதைப் பாரமாக எழுதியிருக்கிறீர்கள். பாரம்தான், ஆனால் உங்களைத் தூக்கி நிறுத்தப்போகிறவர்களும் அவர்கள்தான். எனக்குக் கொழும்பில் அறை எடுக்க முற்பணம் கேட்டபோது, அம்மா தன் தீபாவளி அட்வான்ஸை அப்படியே கொண்டுவந்து கொடுத்தார். அந்த வருடம் வீட்டில் புதுத்துணி இல்லை. பக்கத்துக் காம்பிரா ராமாயிப் பாட்டி சீட்டுக் காசில் எனக்குச் சட்டப் புத்தகம் வாங்கித் தந்தார். அவருக்குத் தன் பெயர் எழுத வராது. இவர்களிடம் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல உங்களுக்கு வாய் வராதுதான். ஆனால் சொல்லிப் பழகுங்கள், சொன்ன கையோடு யாரிடம் போக வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்யும்வரைக்கும் நீங்கள் யாருக்காகவும் வழக்குக்குத் தோன்ற முடியாது, சட்டத்தரணி போலக் காசு வாங்கவும் கூடாது. அதில் விளையாட்டு வேண்டாம். ஆனால் லோயராக இல்லாமலே நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம் ஒன்று இருக்கிறது: நாள் பார்ப்பது.

முப்பது வருடத்தை எட்டும் என் தொழிலில், நான் அதிகம் சொல்லி வருந்திய வசனம் 'நாள் கடந்துவிட்டதே அம்மா' என்பதுதான். வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் போக வேண்டும். பொலிஸார் அடித்தார்கள், சும்மா அடைத்து வைத்தார்கள் என்றால், அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. சேவைக்காலப் பணம், 5 வருடம் முடித்தவர் வேலையை விட்டால் 30 நாளுக்குள் வந்திருக்க வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று கணக்கு. இதை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தைத் திறந்து நீங்களே சரிபாருங்கள், நான் சொன்னேன் என்று நம்பிவிடாதீர்கள். கடதாசியைக் கொண்டுவருகிற ஆளிடம் 'இது எப்போ நடந்துச்சு?' என்று முதல் கேள்வி கேட்டு, நாள் குறித்து, சட்ட உதவி ஆணைக்குழுவுக்கோ தொழில் திணைக்களத்துக்கோ அந்த வாரமே அனுப்பி வைத்தால், அது நூறு பெட்டிசம் எழுதுவதற்குச் சமம். சட்ட உதவி ஆணைக்குழு 1978இல் சட்டம் போட்டு உண்டாக்கியது. வருமானம் குறைந்தவருக்கு இலவசம். அங்கே இருக்கிற சட்டத்தரணிகளோடு அறிமுகமாகுங்கள். நீங்கள் அனுப்பிய ஆட்களைப் பற்றிப் பின்தொடர்ந்து கேட்பதும் வழிகாட்டி ஒருவரைச் சம்பாதிக்கிற வழிதான்.

சேமலாப நிதிக் கடிதத்துக்கும் ஒரு வார்த்தை. பத்தில் எட்டுக்குப் பிரச்சினை பெயர் என்று என் அனுபவம். பிறப்புச் சான்றிதழில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாய், தோட்டக் கணக்கில் ராமையி. மூன்றும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டும். எப்படி முடிப்பது என்று கிளார்க்கிடம் ஒரு மாதிரிப் பிரதி கேட்டு வாங்கிப் படியுங்கள். நீங்கள் கற்றுக்கொள்ளும் முதல் ஆவணம் அதுவாக இருக்கட்டும்.

தோட்டத் தலைவரையும் ஒதுக்கிவிடாதீர்கள். தொழில் நியாய சபையில் தொழிற்சங்கப் பிரதிநிதியும் தொழிலாளிக்காகத் தோன்றலாம். பழம்தின்று கொட்டைபோட்ட சிலர், கறுப்புக் கோட்டுப் போட்டவரை அங்கே தடுமாற வைப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் கட்சி மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்த வந்தால் நிதானியுங்கள். எங்கள் காலத்தில் எனக்கு மூன்று பொன்னாடை கிடைத்தது. பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டிய அன்றைக்கு அதில் ஒன்றையும் அடகு வைக்க முடியவில்லை. பாராட்டு விழா வைக்க வருகிற கோயில் கமிட்டியிடம், மாலைக்குச் செலவழிக்கும் காசில் நிழற்பிரதி எடுக்க உதவுங்கள் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். நல்ல மனிதர்கள், சொன்னால் செய்வார்கள். அவர்களுக்கு என்ன தேவை என்று தெரியாததால்தான் பொன்னாடை வாங்குகிறார்கள்.

சீனியர்மாரைப் பற்றி அம்மாவிடம் சொல்ல முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சேம்பர் நேரத்தில், கிளார்க்கும் மற்றவர்களும் இருக்கும்போது கற்றுக்கொடுக்காதவர், இரவில் செய்தி அனுப்பிக் கற்றுக்கொடுக்க வந்தால் அவர் சீனியர் இல்லை. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள், வந்து யாராவது ஒரு மூத்த பெண் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். 'கிடைத்த ஒரே ஆளையும் விட்டுவிட்டால்' என்று நினைக்கிற இடத்தில்தான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று பேரைத் தெரிந்து வைத்திருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காசு விஷயம். பட்டம் முடிந்து, சட்டக் கல்லூரித் தேர்வுகளும் முடிந்து, 6 மாதம் பயிலுநராக இருந்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த பிறகும் முதல் இரண்டு மூன்று வருடம் வருமானம் என்று பெரிதாக இருக்காது. ஜூனியருக்குச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் நம் தொழிலில் ஒழுங்காக இல்லை. இது அநியாயம் என்று நான் சட்டத்தரணிகள் சங்கக் கூட்டத்தில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. பயிலுநராகச் சேரும்போதே, 'பஸ் காசும் சாப்பாடும் கிடைக்குமா சேர்?' என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வீட்டுக்கு உடனே காசு அனுப்ப வேண்டிய நிலை என்றால், அரச நிறுவனங்களிலும் கம்பனிகளிலும் சட்ட உத்தியோகத்தர் வேலை இருக்கிறது. அதில் சேர்ந்து நாலு வருடம் கழித்து நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

மாமாவோடு சண்டை போடாதீர்கள். மாதம் முடிந்தால் சம்பளம் வருகிற ஒரு வேலை வீட்டில் ஒருவருக்காவது இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட வாழ்க்கை. அவரை ஒருநாள் உங்களோடு நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என் அப்பா சாகும்வரைக்கும் லோயரை 'அப்புக்காத்து' என்றுதான் சொன்னார். அவரும் ஒரே ஒருநாள்தான் வந்தார். அதற்குப் பிறகு வேறு வேலை பார் என்று சொல்லவில்லை.

அடுத்த லீவில் ஹட்டனுக்கு வாருங்கள். செவ்வாய், வியாழன் காலையில் நான் நீதிமன்றத்தில் இருப்பேன், ஒன்பது மணிக்கு முன்னால் வந்தால் பேசலாம். வரும்போது என்.எல்.ஆர். 39இல் அந்த 193ஆம் பக்கத்திலிருந்து மூன்று பக்கத்தை உங்கள் தமிழில் எழுதிக் கொண்டுவாருங்கள். அகராதி பார்க்கலாம், கூகுளைப் பார்க்கக்கூடாது. பிழை இருந்தால் இருக்கட்டும், வாசலில் இருக்கிற தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து திருத்துவோம். வடைக் காசு என்னுடையது.